ஹல்கா தூதரின் பித்தப்பை

பழனிச்சாமி தன் அலுவலகத்தின் நான்காவது மாடிக்காக இளைத்தார். தனக்காக இளைக்க வேண்டும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, அடுகோடியில் வீடு பிடித்து, உஷாவைக் கல்யாணம் செய்துகொண்டு, டீம் லீடராகவும் ஆன காலத்தில் வயிறும் கூடவே வளர்ந்து வந்தது. பதவி உயர்வோடு வந்ததால் அதையும் பதவியின் ஒரு பகுதியாகவே அவர் வைத்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனி, மற்ற கம்பெனிகளின் ஆட்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், நடுவில் எவ்வளவு நேரம் காணாமல் போனார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருளைச் செய்து விற்றது. அப்படிப்பட்ட கம்பெனி தன் ஆட்களை மட்டும் சும்மா விடாது. அங்கே வெல்னஸ் துறை என்று ஒன்று தொடங்கப்பட்டது. நலமாக இருக்கும் ஊழியர்களைக் கவனிப்பது அதன் வேலை. நலமில்லாதவர்களைக் கவனிப்பது யாருடைய வேலை என்று எங்கும் சொல்லப்படவில்லை.

துறையின் தலைவி மமதா. மைசூர்க்காரர். அவர் வந்த மாதமே குருகிராம் தலைமை அலுவலகம் ஓர் எடைக் குறைப்பு இயக்கத்தை அறிவித்தது. அதன் பெயர் 'ஹல்கா'. இந்தியில் லேசு என்று பொருள். கன்னடத்தில் அது கீழ்த்தரமான ஆளைத் திட்டும் சொல். 'நான் ஹல்கா' என்று நெஞ்சில் அச்சடித்த டி-ஷர்ட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வாசல் காவலர் முனிகிருஷ்ணன் முதல் நாள் காலை ஒவ்வொருவருடைய நெஞ்சையும் நிதானமாகப் படித்துப் பார்த்து, தலையாட்டி உள்ளே விட்டார்.

யாரோ ஒருவர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டார். தனக்கும் கன்னடம் தெரியும் என்றார் மமதா. ஆனால் பெயரை மாற்றத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும், அதற்குள் நாம் எல்லாரும் நம் மனத்தை மாற்றிக்கொள்வது சுலபம் என்று விளக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமைகளில் கீழ்த்தள வரவேற்பறையில் எடை மேடை போடப்பட்டது. தனி ஆளின் எடை அங்கே பொருட்டல்ல. மாடிதான் கணக்கு. நான்காவது மாடி தொடர்ந்து கடைசியில் வந்தது. அதற்குக் காரணம் யார் என்று எவரும் சொல்லவில்லை. கேண்டீனில் பழனிச்சாமி வடையைத் தொட்டால் நான்காவது மாடி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கடைசியில் வந்த மாடிக்குத் தண்டனையாக பிஸ்கட் நிறுத்தப்பட்ட வாரம், கர்ப்பமாக இருந்த ஒரு பெண் காலி பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள். அன்றிலிருந்து பழனிச்சாமி சாப்பிடுவதை நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால் ஏறக்குறைய நிறுத்தினார். காலையில் பச்சைச் சாறு, மதியம் வெள்ளரிக்காய், மாலையில் வெந்நீர். எண்ணெய் என்பது நாக்கில் படவே இல்லை. இரண்டு மாதத்தில் பதினெட்டு கிலோ போனது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. இவ்வளவு வேகமாக இறங்கலாமா என்று இரண்டாவது மாடியிலிருந்து ஒரு கேள்வி வந்தபோது, வேகம் நம் கம்பெனியின் விழுமியங்களில் ஒன்று என்று மமதா நினைவூட்டினார்.

நான்காவது மாடி முதலிடம் வந்தது. பிஸ்கட்டும் திரும்பி வந்தது. லிப்ட் அருகே பழனிச்சாமியின் ஆளுயரப் படம் வைக்கப்பட்டது. அவருக்கு 'ஹல்கா தூதர்' என்று பட்டம் கொடுத்து, மாடி மாடியாகப் போய்ப் பேசச் சொன்னார்கள். பேச வராது என்று அவர் சொன்னார். பேச வேண்டாம், நின்றாலே போதும் என்றார்கள். அவர் போய் நின்றார். ஜனங்கள் அவரைப் பார்த்துப் பட்டினி கிடந்தார்கள்.

தூதர் புதிதாக ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். கீழ்த்தளத்தில் வண்டி ஏற்பாடுகளைப் பார்க்கும் மேசையில் தனக்கோடி இருந்தார். ஐம்பதை நெருங்கும் கனத்த உடம்பு. ஓக்கலிபுரத்தில் மகளோடு இருந்தார். யாருக்கு எந்த வண்டி, எந்த டிரைவர், எந்த ரோடு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பழனிச்சாமியின் அப்பா இறந்த செய்தி வந்த நாளில், மூன்று பேர் அனுமதி தர வேண்டிய வெளியூர் வண்டியை யாரையும் கேட்காமல் வரவழைத்து, கதவைத் திறந்து அவரை உள்ளே உட்கார வைத்தவர். பழனிச்சாமி அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கு இன்னாத்துக்கு சார் அதெல்லாம்?" என்றார் தனக்கோடி. "நான் பாட்டுக்கு இருக்கேன். என் உடம்பு பாட்டுக்கு அது இருக்குது."

"ரெண்டே மாசந்தாங்க்கா. எனக்கு ஒண்ணும் ஆகலியே, பாருங்க."

தனக்கோடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, டி-ஷர்ட்டை வாங்கிப் புடவை மேலேயே மாட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த மாதம் அத்திபெலேயில் பழனிச்சாமியின் சித்தப்பா மகன் ரகு புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். இலையில் நெய் வழிந்தது. வெகு நாளைக்குப் பிறகு பழனிச்சாமி வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்குவதுபோல ஒரு வலி எழுந்தது. அது தோள்பட்டைக்குப் பின்னால் போய் நின்றது. புது வீட்டின் முதல் வாந்தி அவருடையதாக ஆயிற்று. வாயு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். உஷா எதையும் காதில் வாங்காமல் அவரை வண்டியில் ஏற்றி, அடுகோடியில் தங்கள் தெருவிலேயே நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டர் ஓஸ்வால்டிடம் கொண்டுபோனார்.

ஸ்கேனில் பித்தப்பை நிறைய சின்னச் சின்னக் கற்கள் தெரிந்தன. சமீபத்தில் எடை குறைந்ததா என்று டாக்டர் கேட்டார். பழனிச்சாமி பெருமையோடு சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பு இவ்வளவு வேகமாகக் கொழுப்பைக் கரைத்தால், ஈரல் அந்தக் கொழுப்புச் சத்தையெல்லாம் பித்த நீரில் கொட்டும் என்றார். கொழுப்பே சாப்பிடாமல் இருந்தால் பித்தப்பைக்குச் சுருங்கி விரிய வேலை இருக்காது. நீர் அப்படியே தேங்கிக் கல்லாகும். கல் உள்ளே கிடக்கும்வரை வலியோடு போகும். ஒரு சின்னக் கல் நழுவிக் கீழே வந்து, பித்தக் குழாயும் கணையத்தின் குழாயும் சேர்ந்து திறக்கிற வாயில் சிக்கிக்கொண்டால் கதை வேறு. சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய கணைய நீர் கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிற வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல் என்று எது வந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பித்தப்பையைச் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் கேட்டார். "உங்க ஆபீஸ்ல வேற யாரும் இந்த மாதிரி எறங்கிட்டு இருக்காங்களா?"

பழனிச்சாமியின் பேச்சைக் கேட்டு இளைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு இருந்தார்கள்.

"தெரியலைங்க டாக்டர்" என்றார் அவர்.

உஷா அவரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை பார்த்துக்கொண்டேயிருந்தது.

மறுநாள் பழனிச்சாமி மமதாவிடம் போனார். கல் என்ற சொல்லைக் கேட்டதும் மமதா எழுந்து கதவைச் சாத்தினார். நாட்டிலேயே ஆரோக்கியமான அலுவலகம் எது என்று விருது கொடுக்கும் ஒரு நடுவர் குழு அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அந்தக் காலாண்டில் ஒருவர்கூட மருத்துவ விடுப்பு எடுக்கவில்லை என்பதுதான் கம்பெனியின் பெரிய தகுதி. விடுப்பு கேட்டவர்களுக்கெல்லாம் 'கொண்டாட்ட விடுப்பு' கொடுக்கப்பட்டிருந்தது. டைபாய்டு வந்த ஒருவர் இரண்டு வாரம் கொண்டாடியிருந்தார்.

"நோடி, இங்க பாருங்க பழனிச்சாமி, கல்லுங்கிறது வியாதி இல்ல. அது ஒரு தகவல்" என்றார் மமதா. "தகவல எப்ப வெளியிடணும்ங்கிறதுதான் தலைமைப் பண்பு. உங்கள நம்பி இத்தன பேர் இளைச்சிருக்காங்க. அவங்களப் பயமுறுத்தலாமா? பயமும் உடம்புக்குக் கெடுதல்தானே?"

அவர்களை எச்சரிக்கவாவது வேண்டாமா என்று பழனிச்சாமி தயங்கியபடி கேட்டார். மமதா பொறுமையாக விளக்கினார். எச்சரித்தால் ஆபத்து இருந்தது என்று கம்பெனி ஒப்புக்கொண்டதாக ஆகும். இதுவரை கம்பெனி யாரையும் எச்சரித்ததில்லை. ஆகவே ஆபத்தும் இருந்ததில்லை. அந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருப்பது பழனிச்சாமிக்குத் தெரிந்தது. ஆனால் மமதா தேநீர் வரவழைத்து, அவர் தோளைத் தட்டி, நீங்கள்தான் இந்தக் கட்டடத்தின் நம்பிக்கை என்று சொன்னார். நம்பிக்கையாக இருக்கும் ஒருவர் எழுந்து ஓட்டையைப் பற்றிப் பேசுவது நாகரிகமாகப் படவில்லை. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டு வெளியே வந்தார்.

தனக்கோடியிடம் மட்டுமாவது சொல்லிவிடுவது என்று கீழே இறங்கினார். தனக்கோடி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, தொளதொளவென்று தொங்கிய ஜாக்கெட் கையை இழுத்துக் காட்டினார். முகம் வற்றியிருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

"பொண்ணே ஆச்சரியப்படுறா சார். என்னா, சாப்டா வயிறு கொஞ்சம் புடிக்கிது. முதுகு வரைக்கும் இழுக்கிது. கேஸுதானே? சோடா குடிச்சா அடங்குது."

பழனிச்சாமியின் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து மமதா நடுவர்களுக்கு வைக்க வேண்டிய பூச்சாடிகளோடு வரவேற்பறைக்கு வந்தார். பழனிச்சாமியைப் பார்த்துச் சிரித்தார்.

"சூடா தண்ணி குடிங்க்கா" என்றார் பழனிச்சாமி. "பாத்துக்குங்க."

படியேறும்போது தன் கால்கள் தன்னைச் சுமந்து போவதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. நடுவர்கள் வந்து போகட்டும், அடுத்த நிமிடமே சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உஷாவிடம், சொல்லிவிட்டேன் என்று சொன்னார்.

நடுவர்கள் வந்தார்கள். வரவேற்பறையில் மேடை, மேடைமேல் எடை மேடை. தூதர் ஒருபுறம் நிற்க, அவரால் இளைத்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மமதா பேசத் தொடங்கினார். மற்ற நிறுவனங்கள் வியாதி வந்தபின் செலவு செய்கின்றன, இங்கே வியாதி வருவதற்கு அனுமதியே இல்லை என்றார். ஊழியரின் உடம்பு ஊழியருடையது என்பது பழைய சிந்தனை, அது ஒரு கூட்டு முயற்சி என்றார்.

தனக்கோடியின் முறை வந்தது. அவர் மேடையின் ஓரத்தைப் பிடித்தபடி ஏறினார். முகம் சாம்பல் பூத்திருந்தது. எடை மேடையில் கால் வைத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கி, அப்படியே வாந்தி எடுத்தார். எண்பலகை ஏறி இறங்கித் தடுமாறியது. நடுவர்களில் ஒருவர் எழுந்தார். மமதா குரலைக்கூட மாற்றவில்லை.

"இதைத்தான் நாங்க கழிவு நீக்கம்னு சொல்றோம். உடம்பு தனக்கு வேண்டாதத வெளிய தள்ளுது. ப்ளீஸ், ஒரு கைதட்டல்."

சிலர் தட்டினார்கள். பழனிச்சாமி ஓடிப்போய் தனக்கோடியைத் தாங்கினார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வலி எங்கே என்று கேட்டார். முதுகைத் துளைக்கிறது என்று தனக்கோடி முனகினார். வண்டி வேண்டும் என்று பழனிச்சாமி சொன்னார். அவசர வண்டிக்குத் தனக்கோடிதான் சொல்ல வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். தனக்கோடிக்குத்தான் வண்டி என்று பழனிச்சாமி சொன்னார். விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பக்கத்து மேசைக்காரர் உண்மையாகவே யோசித்தார். அதற்குள் முனிகிருஷ்ணன் சாலையில் போன ஓர் ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி, பின்னால் நின்றுபோன வண்டிகளின் ஹாரன்களுக்கு நடுவே இருவரையும் ஏற்றிவிட்டார்.

டாக்டர் ஓஸ்வால்ட் பார்த்தவுடன் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கல் நழுவிக் குழாயை அடைத்திருந்தது. கணையம் வீங்கி, ஒரு பகுதி செத்துக்கொண்டிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் தனக்கோடி பல நாட்கள் தீவிர சிகிச்சையில், ஒரு வாய் தண்ணீருக்கும் அனுமதி இல்லாமல் கிடந்தார்.

அவருடைய மகள் சங்கமித்ரா பள்ளிக்கூட ஆசிரியை. முதல் நாள் சாயங்காலமே, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழனிச்சாமி சொன்னார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. எனக்கே கல்லு இருக்குது. முதுகு வரைக்கும் வலிக்குதுன்னு அக்கா சொன்னப்பவே என்னன்னு தெரிஞ்சுது. நான் சொல்லல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டார். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க சார்" என்றாள். "பட்டினி கிடக்கச் சொன்னப்பவே நம்புனவங்கதானே."

விருது கம்பெனிக்கே கிடைத்தது. நெருக்கடியிலும் பேச்சை நிறுத்தாத தலைமையை நடுவர்கள் வெகுவாகப் பாராட்டியிருந்தார்கள். சக ஊழியரைத் தாங்கிப் பிடித்ததற்காகப் பழனிச்சாமிக்கு 'உயிர் காத்த ஹல்கா' என்று ஒரு பதக்கம். அதை வாங்க மேடையேறியவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, எல்லாவற்றையும் சொன்னார். தன் வயிற்றில் கல் இருப்பதை, அது ஏன் வந்தது என்பதை, அது தெரிந்தும் தனக்கோடியிடம் வெந்நீர் குடிக்கச் சொன்னதை, யாருக்கு வலி இருந்தாலும் இன்றே போய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

முதலில் கை தட்டியவர் மமதா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. இதுதான் மனம் திறத்தல், இதைத்தான் நம் நிறுவனம் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது என்றார். அடுத்த திங்கட்கிழமை 'மனம் திறக்கும் வாரம்' தொடங்கியது. ஒவ்வொரு மாடியும் தன் உறுப்பு ஒன்றைப் பற்றி எல்லார் முன்னாலும் மனம் திறக்க வேண்டும். மூன்றாவது மாடிக்கு மண்ணீரல் வந்தது. அதிகம் அழுத மாடிக்குக் கோப்பை கொடுத்தார்கள். பழனிச்சாமியின் ஆளுயரப் படம் மாற்றப்பட்டு, அவர் அழுகிற படம் வைக்கப்பட்டது.

பழனிச்சாமி தன்னால் இளைத்தவர்களை ஒவ்வொருவராகத் தனியே பார்த்துப் பேசினார். இரண்டு பேருக்கு ஸ்கேனில் கல் தெரிந்தது. நல்ல வேளையாக அவை இடம்விட்டு நகரவில்லை. அந்த இருவரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். அவர்கள் நன்றி சொன்ன இரண்டு நாளும் அவரால் சாப்பிட முடியவில்லை. டாக்டர் ஓஸ்வால்டின் நர்சிங் ஹோமிலிருந்து அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்டு அழைத்தால் எடுப்பதில்லை. வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறையில் போய் உட்கார்ந்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று உஷா அழுதபோதும் கதவைத் திறக்கவில்லை.

தனக்கோடி வீடு திரும்பியதும் பழனிச்சாமி ஓக்கலிபுரம் போனார். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் சின்ன வீடு. தனக்கோடி கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாகியிருந்தார். கணையத்தில் ஒரு பங்கு போய்விட்டதால் இனி தினமும் இன்சுலின் ஊசி. பித்தப்பையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பழனிச்சாமி நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

"பொண்ணு சொல்லிச்சு" என்றார் தனக்கோடி. "உனக்கு ஆபரேசன் ஆயிடுச்சா?"

அவர் அதுவரை பழனிச்சாமியை நீ என்று சொன்னதில்லை.

"இல்லீங்க்கா."

"ஏன்?"

பழனிச்சாமி கட்டிலருகே இருந்த இன்சுலின் ஊசிப் பெட்டியைப் பார்த்தார். தனக்கோடிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார முயன்று, வலித்ததால் மறுபடி சாய்ந்தார்.

"என் கணையம் போச்சுன்னு நீ உன் கணையத்த வெச்சு சூதாடினு இருக்கியா? எனக்கு இன்னா வந்துடும் அதுல? உன் பொண்டாட்டி இன்னா பாவம் பண்ணுச்சு?"

"என்ன மன்னிக்க முடியாதுங்க்கா. அது தெரியும்."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். எனக்கே இன்னும் தெரியல. மொதல்ல அந்தக் கல்ல எடுத்துனு வா. வயித்துல கல்ல வெச்சுனு என் முன்னாடி வந்து நிக்காதே."

சங்கமித்ரா சமையலறையிலிருந்து வந்து தன் போனை அவரிடம் நீட்டினாள். அங்கிருந்தே பழனிச்சாமி டாக்டரை அழைத்தார். இரண்டு பெண்களும் அவர் பேசி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. விடுப்புக்கு மருத்துவ விடுப்பு என்றே எழுதிக் கொடுத்தார். கொண்டாட்டம் என்று மாற்றச் சொல்லி வெல்னஸ் துறையிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். உஷா போனை எடுத்து, அவர் வயிற்றை அறுத்துப் படுத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மயக்கம் முழுதும் தெளிந்த பிறகு பழனிச்சாமி போனைக் கேட்டு வாங்கி, ஓக்கலிபுரத்துக்கு அழைத்தார். சங்கமித்ரா எடுத்தாள். அம்மாவிடம் கொடுக்கிறேன் என்றாள். போன் கை மாறியது.

"எடுத்தாச்சுங்க்கா" என்றார் பழனிச்சாமி.

"வலிக்கிதா?" என்று தனக்கோடி கேட்டார்.

"வலிக்குதுங்க்கா."

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு தனக்கோடி போனை வைத்தார்.